ஆந்திராவுக்குப் போயிடும்

மழைப் பைத்தியம் என்று எனக்குப் பேர். வைத்தவள் என் அக்கா. கணக்கு டீச்சர் ஒருத்தி விடிந்ததும் மொட்டை மாடிக்கு ஓடி, ஸ்கேல் ஒட்டின பாட்டிலுக்குள் எவ்வளவு தண்ணி விழுந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் பின்னே என்ன பேர் வைப்பார்கள்? "லீவு விடுவாங்களான்னு பாக்கறீங்களா டீச்சர்?" என்று ஸ்கூலில் கிண்டல் வேறு. லீவு யாருக்கு வேணும்! எனக்கு மழை வேணும். அதுவும் எங்க ஊர்ல பெய்யணும். பக்கத்து மரக்காணத்தில் கொட்டி எங்களுக்குத் தூறலோடு நின்றுவிட்டால் எனக்கு வயிறு எரியும். குளிர் நாடுகளில் எங்களை மாதிரி ஆட்கள் பனி விழாதா என்று காத்துக் கிடப்பார்களாம். பாண்டிச்சேரியில் பனிக்கு எங்கே போவது? எங்களுக்குக் கார்த்திகை மாசத்துப் புயல்தான்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. கடலூர், விழுப்புரம், சென்னை என்று நாலா பக்கமும் ஆட்கள். தினம் காலை எட்டரைக்கு அவரவர் பாட்டில் கணக்கைப் போடுவோம். அங்கே ஒரே ஒரு கட்டுப்பாடு: தன் ஊருக்கு மழை வரும்போல இருந்தால், 'வரும்' என்று வாய் திறக்கக் கூடாது. திறந்தால் கண்ணு பட்டு, புயல் திரும்பி ஆந்திராவுக்குப் போய்விடும். ஒரு வருஷம் கடலூர்க்காரர் ஒருத்தர் 'இந்தத் தடவை நமக்குத்தான்' என்று எழுதிவிட்டார். மறுநாள் கடலூரில் சுள்ளென்று வெயில். பாவம், மாசக்கணக்கில் அவரை ஓட்டினோம். அதனால் ஆசை ஏற ஏற, 'நமக்கு ஒண்ணும் இல்லப்பா, ஆந்திராவுக்குப் போயிடும்' என்றுதான் எழுதுவோம். எழுதுகிறவருக்கும் உண்மை தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். இஞ்சினியர், பேங்க் ஆபீசர், டீச்சர் என்று எல்லாரும் படித்தவர்கள். படித்து என்ன கிழித்தோம்?

அக்காவுக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னப் பட்டறை. அட்டைப் பெட்டி செய்கிறாள். வருஷம் முழுக்க ஸ்வீட் ஸ்டால் பெட்டி ஓடினாலும் அவளுக்கு உயிர் கிறிஸ்துமஸ் சீசன்தான். விறகுக்கட்டை மாதிரி நீளமாக உருட்டிச் செய்கிற பிரெஞ்சுக்கார பூஷ் கேக்குக்கு வேண்டிய நீளப் பெட்டியை மூலை பிரியாமல் மடித்து ஒட்ட ஊரில் அவளை விட்டால் ஆள் இல்லை என்பாள். சும்மா பெருமை இல்லை, நிஜம். மாமாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி அந்த வருஷம் எல்லாம் அவள் தலையில். "இந்த டிசம்பர் கை குடுத்தா பட்டறை நிக்கும். இல்லன்னா பூட்ட வேண்டியதுதான்" என்று என்னிடமே சொல்லியிருந்தாள். பிரிண்ட் ஆன அட்டைகள் கட்டுக் கட்டாகத் தரையில் அடுக்கியிருந்தன. மணி, நட்சத்திரம், கூரை மேல் வெள்ளையாகப் பனி விழும் படம். ஒரு பனிக்கட்டி கூட வானத்திலிருந்து விழுந்து பார்க்காத ஊரில் பெட்டி பூரா பனி.

புயல் கரையைக் கடக்க வேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம். டிவியில் ரெட் அலர்ட். பெரிய மார்க்கெட்டில் மெழுகுவர்த்தி கூடத் தீர்ந்துபோச்சு என்றார்கள். ஆனால் ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. முந்தின மாசமும் இதே ரெட் அலர்ட் விட்டு, ஸ்கூலுக்கெல்லாம் லீவு விட்டு, பசங்க வெயிலில் கிரிக்கெட் ஆடினார்கள். நான் மாடியில் நின்றிருந்தேன். வாடைக் காற்று முகத்தில் அறைந்தது. கையில் போன், போனில் புயலின் ரேடார் படம். படம் தெளிவாகச் சொன்னது: எங்க தலை மேலேதான் வருகிறது. எத்தனை வருஷமாகக் காத்திருந்த நாள்! 

மூணு மணிக்கு அக்கா கூப்பிட்டாள்.

"ஏண்டி, மழை வருமா? அட்டையெல்லாம் பரணுக்கு ஏத்தணும். உங்க மாமா குனியக் கூடாது. பக்கத்துப் பட்டறை ஆளுங்க ஏத்தித் தர்றேங்கிறாங்க, ஆனா நாலு மணிக்குக் கெளம்பிடுவாங்க. டிவிக்காரன் சொல்றதெல்லாம் நான் நம்பல. நீ சொல்லு."

நான் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் வராதுக்கா. ஆந்திராவுக்குப் போயிடும்."

வாய் தவறி வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பொய். அவள் அட்டையெல்லாம் தரையில் கிடப்பது எனக்குத் தெரியும். ஆனால் 'வரும்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் போய்விடுமோ என்ற பயம். சத்தியமாக, அந்த நிமிஷம் எனக்கு அக்காவின் அட்டையை விட மழை பெரிதாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டு, 'எதுக்கும் ஏத்தி வச்சிடு' என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் புதுப் படம் வந்தது. அப்புறம் இன்னொரு படம். தலை நிமிர்ந்தபோது மணி நாலரை. ஆளுங்க போயிருப்பாங்க, இனி சொல்லி அவளை எதுக்குப் பயமுறுத்தணும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். என்ன ஒரு சாமர்த்தியம்!

மறுநாள் பிடித்த மழை விடிந்த பிறகும் விடவில்லை. அதற்கடுத்த காலை எட்டரைக்கு மாடி ஏறினால் பாட்டில் நிரம்பி வழிந்துகொண்டிருக்கிறது. அளவே இல்லை! அதைப் போட்டோ எடுத்துப் போட்டேன். குரூப் அலறியது. 'டீச்சர், உங்களுக்கு லாட்டரி அடிச்சிருக்கு' என்று கடலூர்க்காரர் எழுதினார். நான் நனைந்த நைட்டியோடு மாடியில் நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

மாமா போன் செய்தார். "பட்டறைக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணிம்மா."

முத்தியால்பேட்டையில் இருக்கும் என் வீட்டிலிருந்து தண்ணீரில் நடந்தே போனேன். அட்டைக் கட்டுகள் ஊறி, ஊதி, ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. தொட்டால் நனைந்த அப்பளம் மாதிரி கையோடு வந்தது. அக்கா ஒரு கட்டைத் தூக்கப் பார்த்தாள், அது நடுவில் பிளந்து விழுந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர் வாசலில் நின்று, "தங்கச்சி பெரிய வானிலை ஆளுன்னியேம்மா, அவங்க பேச்சக் கேட்டுதானே நீ ஏத்தல?" என்றார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ என்ன சார் பண்ணுவா? கண்ணு முழிச்சுப் பாத்துதான் சொன்னா. ஆண்டவர் கணக்கு அவளுக்கு எப்படித் தெரியும்?"

தப்பாகக் கணித்தவள் என்று நினைத்து அவள் என்னை மன்னித்தாள். நான் சரியாகத்தான் கணித்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு தண்ணியை வாரிக் கொட்டினேன்.

பேக்கரிக்காரர்கள் காத்திருக்கவில்லை. எப்படிக் காத்திருப்பார்கள்? சென்னையிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று பூசைக்குப் போய் வந்து எல்லாரும் அக்கா வீட்டில்தான் சாப்பிட்டோம். வழக்கமாக வாங்கும் பேக்கரியிலிருந்து மாமா பூஷ் கேக் வாங்கி வந்திருந்தார். அக்கா கேக்கை வெளியே எடுத்தாள். பிறகு காலிப் பெட்டியைக் கவிழ்த்து, மூலையைக் கட்டை விரலால் நீவிப் பார்த்தாள்.

"நல்லா ஒட்டியிருக்கான்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லார் முன்னாலும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். குரூப், கண்ணு படுவது, ஆந்திரா, எல்லாம். அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"மூணு மணிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"நாலு வரைக்கும் ஆளுங்க இருந்தாங்களே" என்றாள். பிறகு கேக்கை வெட்டி எல்லாருக்கும் கொடுத்தாள். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

பட்டறையை அவள் பூட்டவில்லை. ஸ்வீட் ஸ்டால் பெட்டி மட்டும் செய்கிறாள், நீளப் பெட்டியை யாரும் கேட்டு வருவதில்லை. நான் குரூப்பை விட்டு வந்துவிட்டேன். படம் பார்ப்பதை மட்டும் விட முடியவில்லை.

இந்த வருஷம் முதல் காற்றழுத்தத் தாழ்வு வந்ததும் நானே கூப்பிட்டேன். "அக்கா, மழை வரும். நிச்சயம் வரும். அட்டையெல்லாம் பரணுக்கு ஏத்திடு."

 அவள் கேட்டாள். "இது எனக்குச் சொல்றியா, இல்ல கண்ணு பட்டுப் போயிடட்டும்னு மழைக்குச் சொல்றியா?"

போனை வைத்துவிட்டேன். ஆட்டோ பிடித்து நேரே தட்டாஞ்சாவடிக்குப் போனேன். ஒவ்வொரு கட்டாக நானே பரணில் ஏற்றினேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.  கடைசிக் கட்டு ஏறின நேரம் வெளியே பளீரென்று வெயில் அடித்தது. அவள் வெயிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வேர்வையோடு வாசலில் நின்று மறுபடியும் வானத்தைக் கெஞ்ச ஆரம்பித்தேன். அவளுக்கு, இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை என்று தெரிவதற்காவது பெய்து தொலையேன்.