பதினோரு மணிக்கு ஒரு போன்

லோடு வண்டி ஓட்டுறவனுக்கு முதுகுக்குப் பின்னாடி இருக்குற மூட்டையைப் பத்திக் கவலையே கிடையாதுங்க, கண்ணுக்கு முன்னாடி வர்ற பாலத்தைப் பத்தித்தான் கவலை. சக டிரைவர்களே, உங்களுக்குத் தெரியாததா! நான் நெல் கொள்முதல் நிலையத்துலேர்ந்து கூட்ஸ் ஷெட்டுக்கு மூட்டை அடிக்கிறவன். நடுவுல ஒரு பழைய ஆத்துப் பாலம். சுத்திக்கிட்டுப் போனா, கூட்ஸ் ரயில் நம்ம நெல்லை விட்டுட்டுக் கிளம்பிடும்.

கயிறு

முதல் நாள் பாலத்துக்கு முன்னாடி வண்டியை நிறுத்தச் சொன்னார் சுமைக்காரங்க மேஸ்திரி கலியன். மூட்டை மேல இருந்த ஆளுங்க எல்லாரும் மளமளன்னு இறங்கி, அக்கரைக்கு நடக்க ஆரம்பிச்சாங்க. கலியன் மட்டும் என் பக்கத்துக் கதவை விரியத் திறந்து, கயித்தால இழுத்துக் கட்டினார். இந்தப் பாலத்துல எல்லா லோடு வண்டிக்கும் அதான் வழக்கமாம். எதுக்குன்னு கேட்டேன்.

"தண்ணிக்குள்ள போனப்புறம் கதவு திறக்காதுண்ணே. இப்பவே திறந்திருந்தா குதிக்கத் தோதா இருக்கும்."

பசி

இதை வீட்டுல சொல்ல முடியுமா? என் பொண்டாட்டி செல்விகிட்ட பாலத்தைப் பத்தி மூச்சே விடலை. ஆனா தினமும் நான் அக்கரை ஏறுற நேரம், பதினோரு மணிக்கு டாண்ணு அவகிட்டேருந்து போன் வரும். "சாப்டீங்களா?" அவ்வளவுதான் கேள்வி. ஒருநாள் கடுப்பாகி, பதினோரு மணிக்கு எவன்டி சோறு திம்பான்னு கத்தினேன்.

"பசிச்சா தின்னுங்க. இல்லேன்னா ஒரு குரல் குடுத்துட்டு வைங்க."

அதிகாரி

பாலத்தைச் சோதிக்க ஒரு அதிகாரி வந்தார். லோடு வண்டியிலேயே போய்ப் பாக்கணும்னு என் பக்கத்துல ஏறி உக்காந்தார். அப்பாடா, படிச்சவரே கூட வர்றாரேன்னு எனக்குத் தைரியம் வந்துச்சு. பாலத்துக்குப் பத்தடி இருக்கும்போது, நிறுத்துன்னு கையைக் காட்டி இறங்கிட்டார்.

"பாலம் நல்லாத்தான் இருக்கு. நீங்க போங்க, நான் நடந்து வந்து பாக்குறேன்."

மழை

குறுவை அறுப்பு நேரம், மூணு நாளா விடாத மழை. ஆறு பாலத்தோட அடிவயித்தைத் தொட்டுக்கிட்டு ஓடுது. நான் போகமாட்டேன்னு சாவியைப் பிடுங்கிட்டேன். கூத்தாநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஜமால் பாய் வந்து, தார்ப்பாய்க்கு அடியிலேருந்து ஒரு பிடி நெல்லை எடுத்துக் காட்டினார். வெள்ளையா முளை விட்டிருந்துச்சு. நான் வண்டியை எடுத்தேன்.

நட்ட நடுப் பாலத்துல பின் சக்கரம் லேசா இறங்குன மாதிரி இருந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், செத்தேன்னே நினைச்சேன். அந்த நேரம் பார்த்து போன் அடிக்குது. எடுக்க ஏது கை? நின்னுச்சு, திரும்ப அடிச்சுச்சு, நின்னுச்சு, திரும்ப அடிச்சுச்சு. அக்கரை ஏறித்தான் எடுத்தேன். அந்தப் பக்கம் செல்வி அழுதுக்கிட்டே கத்துறா.

"சாப்டீங்களான்னு கேக்குறேன்ல, வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்!"

புதுப் பாலம்

அப்புறம் பணம் ஒதுக்கி, அகலமா ரோடு போட்டு, கூட்ஸ் ஷெட்டுல இன்னொரு தண்டவாளமும் போட்டு, புதுப் பாலம் கட்டிட்டாங்க. திறந்த அன்னிக்குச் சுமைக்காரங்க யாரும் இறங்கலை, மூட்டை மேல உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டே வந்தாங்க. பதினோரு மணி ஆச்சு. போன் வரலை. பதினொன்றரை. வரலை. பழைய பாலத்துல கூட நான் அப்படிப் பயந்ததில்லை. வீட்டுல யாருக்கு என்ன ஆச்சோன்னு நானே போட்டேன். செல்வி சாவகாசமா எடுத்தா. ஏன்டி இன்னிக்குக் கேக்கலைன்னேன்.

"அதான் பாலம் கட்டிட்டாங்களே! இனிமே நீங்க சாப்பிட்டா என்ன, சாப்பிடாட்டி எனக்கென்ன?"

ரோடும் ரயிலும் வந்து எங்க டெல்டாவே வளருதுன்னு எல்லாரும் சந்தோஷமாச் சொல்றாங்க, எனக்கு மட்டும் இப்பல்லாம் சரியா பதினோரு மணிக்குப் பசிக்குதுங்க.