கனகசபாபதி அடித்த பாம்பு

கொட்டாஞ்சேனை வலன்ரைனுக்குக் கரப்பானுக்கும் கறையானுக்கும் மருந்தடிக்கிற வேலை. பத்தொன்பது வருடத்தில் ஓநாய்ப் பாம்பு மூன்று தடவை அவனைக் கடித்திருக்கிறது. மூன்று தடவையும் காயத்தைக் கழுவிவிட்டு, மிச்ச வேலையையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். பல்லி பிடிக்கச் சுவரேறி வருகிற, விசமில்லாத சீவன் அது. கொடிய விசமுள்ள கண்டங்கருவளையைப் போல உடம்பில் வெள்ளை வளையம் இருக்கிறதாம், அந்த ஒரு குற்றத்துக்காக ஊரெல்லாம் அதை அடித்துக் கொல்கிறது.

போன செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் மருந்தடிக்கப் போனான். நாலாம் மாடியில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் கனகசபாபதி வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு நின்றார். மூக்குக்கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. யன்னல் சட்டத்தின் உச்சியில் பாம்பு சுருண்டிருந்தது.

"கண்டங்கருவளை. வன்னியில முப்பது வருசம் படிப்பிச்சனான், எனக்குத் தெரியாதே?" என்றார்.

"ஐயா, கருவளை இப்பிடி உச்சிக்கு ஏறி இருக்கிறது குறைவு. வளையத்தைப் பாருங்கோ. இதுக்குக் கழுத்தடியில அகலமாத் தொடங்கி, வாலுக்குப் போகப் போக மங்குது. கருவளைக்குக் கழுத்துப் பக்கம் வெறுமையா இருக்கும், வால் வரைக்கும் வளையம் தெளிவாத் தெரியும். அஞ்சு நிமிசம் தாங்கோ, கீழ போய் வாளி கொண்டுவந்து உயிரோட பிடிச்சுக்கொண்டு போறன்."

"ஓம், போயிட்டு வாரும்."

லிப்ட் வரவில்லை. வலன்ரைன் படியால் ஓடி இறங்கி, வாளியோடு ஓடி ஏறினான். பாம்பு தரையில் நசுங்கிக் கிடந்தது. தும்புத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. மூச்சு வாங்க நின்றவனுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. முப்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்து 'கவனி, கவனி' என்று அதட்டிய மனிதருக்கு, ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை.

அதற்குள் அவருடைய மனைவி நேசமலர் பாம்பை ஒரு சொப்பிங் பையில் அள்ளிப் போட்டு, கூடவே ஒரு பால் பக்கற்றும் கொண்டுவந்தார். அடித்த பாம்புக்குப் பாலூற்றிப் புதைக்க வேண்டும். நாலாம் மாடியில் மண்ணுக்கு எங்கே போவது?

"தம்பி, உங்கட பக்கம் எங்கையாவது தாட்டுவிடும். நீர் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன்தானே, உமக்குப் பாவம் பிடியாது."

வலன்ரைன் பையை வாங்கினான். பாம்பை வெளியே எடுத்து, கனகசபாபதியின் காலடியில் தலை முதல் வால்வரை நேராக நீட்டி வைத்தான். பால் பக்கற்றைப் பக்கத்தில் வைத்தான்.

"பாவம் எண்டு உங்களுக்கே தெரியுது, அம்மா. அடிச்ச ஆளே புதைக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, வெறும் வாளியோடு படியிறங்கினான்.

கனகசபாபதி அப்போதுதான் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.