நாச்சம்மாக்கா காட்டு இரும்புக்கல்லு

ஏனுங்க, இதுல ஒரு வார்த்தை பொய்யின்னா அன்னைக்குச் சுமந்த கல்லுமூட்டை திரும்ப என்ற முதுகுலயே ஏறட்டும். பூமிக்குள்ள என்ன இருக்குதுன்னு கல்லு பாக்குற சர்க்கார் ஆபீசருக்குக் கூலிக்குப் போறது காலை ஒரு எடத்துல நிக்கவிடாத பொழப்புங்க. மூட்டை தூக்குன அத்தனை பேருக்கும் தெரியும். தொண்ணூத்தஞ்சு வாக்குல சென்னிமலைப் பக்கம் அப்படி ஒரு சார் வந்தாரு. ஜீப்பு நாலடி போகும், நிறுத்துவாரு, கல்லை ஒடைப்பாரு, ஒரு துண்டு என்ற மூட்டைக்கு வரும்.

அடிப்புடிச்ச களி

அங்க கடலை வெள்ளாமை பண்ணுன நாச்சம்மாக்கா காட்டு வேலியோரம் நின்னு, கல்லு எப்படி உண்டாகுதுன்னு சார் அவங்களுக்கு வகை பிரிச்சுச் சொன்னாரு. பூமிக்குள்ள கல்லு கொழம்பாக் கொதிக்கறப்ப கனமானது, களி அடிப்புடிக்கற மாதிரி, அடியில தங்கறது ஒரு வகையாம். வெடிப்புல சுடுதண்ணி ஏறி, ஏனத்துல உப்புப் படியற மாதிரி படியறது இன்னொண்ணு. மழை அடிச்சுட்டு வந்து பள்ளத்துல சேத்தறது மூணாவது.

அந்தக்காவுக்கு வகையா முக்கியம்? அவங்க கடலைக்காட்டுல காந்தம் ஒட்டுற கருப்புக்கல்லு அங்கங்க கெடந்துச்சு. இரும்பு நெறைய இருந்தா என்னாகும்னு கேட்டாங்க. சர்க்கார் நெலத்தை எடுத்தாலும் எடுக்கும், நாளைக்கு வந்து பாக்கறேன்னாரு சார். அந்தக் காட்டை விட்டா அக்காவுக்கு வேற சோறு கெடையாது.

"அடியில தங்குனது தங்கீட்டுப் போகுதுங்க சார். அதை எதுக்குச் சொரண்டோணும்?"

விடியக்காலைக் கூடை

மறுநா நான் முன்னாடியே போனா, அக்கா கருப்புக்கல்லை எல்லாம் கூடையில அள்ளிக் கீழ்க்காட்டுல கொட்டிட்டிருக்காங்க. அது அவங்க கொழுந்தன் காடு. வரப்புச் சண்டையில பேச்சு வார்த்தை நின்னுபோச்சு. என்னக்கா இதுன்னேன்.

"இரும்பு வேணும்னா அவன் காட்டுல தோண்டட்டும் கண்ணு. அவனுக்கு நெஞ்சே இரும்புதான்."

கல்லு மேடேறாது

சார் வந்தாரு. அக்கா காடு கூட்டிப் பெருக்குன வாசலாட்டம் இருந்துச்சு. சார் கீழ்க்காட்டுல எறங்குனா காலு வைக்கற எடமெல்லாம் கருப்புக்கல்லு. ஒவ்வொண்ணா எடுத்து எடுத்து மோந்து பாக்காத கொறைதான். உழுதப்ப இதெல்லாம் இல்லவே இல்லைங்கன்னு கொழுந்தன் முழிக்கறாரு. நான் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடிச்சுட்டு நிக்கறேன்.

சட்டுன்னு சார் திரும்பி மேல பாத்தாரு. கல்லு மேட்டுக்கு ஏறாது, மழையில உருண்டுதான் எறங்கும், அப்ப இதோட மூலம் மேல்காட்டுலதான்னு கையை நீட்டுனாரு. அக்கா என்ற காதுகிட்ட வந்தாங்க.

"ஏங்கண்ணு, உங்க சாரு கல்லைப் பாத்தாரா, என்ற கூடையைப் பாத்தாரா?"

குழி

கடலைச்செடியைப் புடுங்கிப்போட்டுக் குழி வெட்டுனோம். அக்கா குந்துனாங்க, எந்திரிச்சாங்க, குழியையே சுத்துனாங்க. மேல ஒரு சாண் அகலத்துக்குக் கருப்புக்கல்லு ஓடுச்சு. இடுப்பளவு தோண்டுனா ரெண்டு வெரலு. நெஞ்சளவு போனா ஒண்ணுமில்ல. இது ஒண்ணுக்கும் ஆகாது, நெலத்தை யாரும் எடுக்க மாட்டாங்க, மூடீரலாம்னு சார் கையில இருந்த மண்ணைத் தட்டிக்கிட்டாரு.

அக்கா கும்பிடுவாங்கன்னு பாத்தேன். முந்தானையில மொகத்தைத் தொடைச்சுட்டு இடுப்புல கையை வெச்சுட்டாங்க.

"ஏனுங்க சார், கொழுந்தன் காட்டுல கெடந்தப்ப கொஞ்சிக் கொஞ்சிப் பாத்தீங்க, என்ற காட்டுக் கல்லு மட்டும் ஒண்ணுக்கும் ஆகாதுங்களா?"

கல்லுல மூணு வகை சொன்ன சாரு நாச்சம்மாக்காவை எந்த வகையில சேத்தறதுன்னு தெரியாம ஜீப்பேறிட்டாருங்க, நீங்களும் அப்படி நழுவாம சூடா ஒரு டீயும் ரெண்டு பஜ்ஜியும் சொல்லிப்போட்டுப் போங்க, கதையையும் மூட்டையையும் சேத்துச் சுமந்தது இந்த முதுகு.