அக்காவுக்காக வைத்திருந்த ரத்தம்

என் உடம்பில் ஓடுவது ஓ நெகட்டிவ் என்று தெரிந்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரத்த தான முகாம் போட்டிருந்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு லோடு இறக்கிவிட்டு வந்தவன், வெயிலுக்கு ஒதுங்கலாம் என்று உள்ளே போனேன். ஜூஸும் பிஸ்கெட்டும் கொடுக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம், பொய் சொல்வானேன். விரல் நுனியில் குத்தி ரத்தத்தைப் பார்த்த பெண், பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஏதோ சீக்கு என்று நினைத்து எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது.

"அண்ணா, ஒங்க நம்பர குடுத்துட்டுப் போங்க. இந்த குரூப்பு லேசுல கெடைக்காது" என்றாள்.

அதுவரை என்னைத் தேடி போன் செய்தவர்கள் எல்லாம் லோடு ஏற்றக் கூப்பிட்டவர்கள், அல்லது ஏற்றிய லோடு ஏன் இன்னும் வரவில்லை என்று திட்டியவர்கள். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கோ நான்கு மாதத்துக்கோ ஒருமுறை கள்ளக்குறிச்சி ரத்த வங்கியிலிருந்து அழைப்பு வர ஆரம்பித்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடுவேன். ஒருமுறை மணலூர்பேட்டைக்கு நடவுக்குப் போகவேண்டிய கரும்பு விதைக்கரணையைப் பாதி வழியில் நிறுத்திவிட்டுப் போனேன். தோட்டக்காரர் போனில் கிழி கிழி என்று கிழித்தார். "ஒங்க கரும்பு எங்கியும் ஓடிப்பூடாதுங்க, அங்க உசுரு போய்க்கினு இருக்குது" என்று சொல்லிவிட்டு வைத்தேன். கொஞ்சம் திமிர்தான். நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவனிடம் பத்துப் பேர் கேட்டு வாங்கும் பொருள் ஒன்று இருந்தால் திமிர் வராதா?

எங்கள் வீட்டில் அந்த குரூப் எனக்கும் என் அக்காவுக்கும் மட்டும்தான். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். வடக்கனந்தலைத் தாண்டி மலையடிவாரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்துபோனது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியில் அவள் அட்டையில் சிவப்பு மையால் ஓ நெகட்டிவ் என்று எழுதி வட்டம் போட்டார்கள். அந்த வேதனையிலும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரே ரத்தம் ஒரே ரத்தம்னு சும்மா சொல்லிக்கினு இருந்தோம், இப்ப டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. எனக்குக் கம்மியானா ஒன்னுதுல புடிச்சிக்குவேன், ஆமா" என்றாள்.

மூன்றாவது முறை கரு தங்கி ஐந்தாம் மாதம் நடந்தபோது ஆடி பிறந்தது. எங்கள் ஊர் மாரியம்மனுக்கு அலகு குத்திக்கொள்வதாக நான் வேண்டிக்கொண்டேன். அதற்கு முன்பு நான் குத்திக்கொண்டதில்லை. ஊசியைக் கண்டால் எனக்குப் பயம், ரத்தம் கொடுக்கும்போதுகூடக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். அதனால்தான் அதையே வேண்டிக்கொண்டேன். நமக்குக் கஷ்டம் இல்லாததைக் கொடுத்தால் அது என்ன வேண்டுதல்?

விஷயம் தெரிந்ததும் அக்கா போனில் கத்தினாள். "எனக்குப் புள்ள பொறக்க நீ எதுக்குடா கன்னத்துல ஓட்ட போட்டுக்கற? பொங்க வெச்சா ஆத்தா ஒத்துக்கமாட்டாளா?"

நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அலகை யாரும் சொந்தமாக வாங்கிக் குத்திக்கொள்வதில்லை. கோயில் பெட்டியில் ஊர் அலகு ஏழோ எட்டோ இருக்கும், தாத்தன் காலத்திலிருந்து வருவது. கடையில் வாங்கிய புது அலகைக் குத்திக்கொண்டால் ஆத்தா ஏற்கமாட்டாள் என்பார்கள். ஆடித் திருவிழா அன்று இருபது பேருக்கு மேல் நின்றோம். கோயிலைச் சுற்றி வந்தவர் கன்னத்திலிருந்து உருவிய அலகைப் பூசாரி மஞ்சள் தண்ணீரில் முக்கி, விபூதியால் துடைத்து, அடுத்தவர் கன்னத்தில் ஏற்றினார். எனக்கு முன்னால் எத்தனை கன்னங்களைக் கண்டதோ அது. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரும்போது வலிக்கவே இல்லை, அது உண்மை. பத்து நாளில் ஆறிவிட்டது. இரண்டு பக்கமும் உளுந்து அளவுக்கு ஒரு குழி மட்டும் நின்றது.

புரட்டாசியில் அக்காவைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனோம். "பிரசவத்தப்ப ரத்தம் தேவப்படலாம். இதே குரூப்ல ரெண்டு மூணு பேர இப்பவே பேசி வெச்சிக்கங்க" என்று டாக்டரம்மா சொன்னார். வெளியே வந்ததும் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், "வடக்கனந்தல்ல ஒரு வாத்தியாரு இருக்காரு மச்சான், அவருக்கும் இதே குரூப்புதானாம். போய் ஒரு வார்த்த கேட்டு வெக்கலாமா?" என்றார்.

"இன்னாங்க மாமா, குத்துக்கல்லாட்டம் நா ஒருத்தன் இருக்கும்போது வாத்தியாரு எதுக்கு? நம்ம வூட்டுப் பொண்ணுக்கு ஊரான் ரத்தமா?" என்றேன்.

மாமா அமைதியானவர். என் சத்தத்துக்கு முன்னால் அவர் எப்போதும் விட்டுக்கொடுத்துவிடுவார். அன்றும் விட்டுக்கொடுத்தார்.

அதே வாரம் ரத்த வங்கியிலிருந்து அழைப்பு. என் கையில் எப்போதும் ஊசி போடும் அந்தப் பெண்தான் பேசினாள். யாரோ ஒரு பெரியவருக்கு அவசரமாக ஆபரேஷன். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது கொடுத்தால் அடுத்து மூன்று மாதத்துக்குக் கொடுக்க முடியாது, கார்த்திகையில் அக்காவுக்குப் பிரசவம். "ஊர்ல இல்லம்மா, திருப்பதி போய்க்கினு இருக்கேன்" என்று வெள்ளிமலை ரோட்டில் வண்டியை நிறுத்திக்கொண்டு புளுகினேன். "பரவால்லண்ணா, வேற ஆளு பாத்துக்கறோம்" என்றாள். ஒரு உயிரைக் கைவிட்டோமே என்று அன்று முழுக்க மனசு அறுத்தது. ஆனாலும் அக்காவுக்கென்று பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சமாதானம் செய்துகொண்டேன். அன்று போயிருக்கவேண்டும். போயிருந்தால் ரத்த வங்கி மேஜையிலேயே எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும், அக்காவுக்கு ஆள் தேட இரண்டு மாதம் கிடைத்திருக்கும். இந்த ஒன்றை நினைத்துத்தான் இன்றைக்கும் என் தலையில் நானே அடித்துக்கொள்கிறேன்.

கார்த்திகையில் விடாத மழை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் காலை பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது மாமா குழந்தையைப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதே நர்ஸ் திரும்பவும் ஓடிவந்தார். ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். இருந்த ஒரே பையை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் வேண்டும், டோனர் எங்கே என்று கேட்டார்.

"நான்தாங்க!" என்று கையைத் தூக்கினேன். வகுப்பில் ஒரு நாளும் அப்படிக் கை தூக்கியவன் இல்லை நான்.

அங்கேயே இருந்த ரத்த வங்கிக்கு ஓடினேன். எப்போதும் ஊசி போடும் அந்தப் பெண் என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணா, நல்லவேள நீங்க இருக்கீங்க" என்றாள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். படிவத்தை எடுத்து, எப்போதும் கேட்பதையெல்லாம் மடமடவென்று கேட்டாள். காய்ச்சல் உண்டா, மஞ்சள் காமாலை உண்டா, சாப்பிட்டீங்களா. ஒரு வருஷத்துக்குள் பச்சை குத்தினது, காது மூக்கு குத்தினது, அந்த மாதிரி எதுனா? அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் இல்லை இல்லை என்று சொல்லித்தான் பழக்கம். அன்று என்னவோ, பேனா அதைத் தாண்டும்போது பெருமையாகச் சிரித்தேன்.

"காது மூக்கு இன்னாம்மா, கன்னத்துலயே குத்திக்கினேன். அக்காவுக்காக ஆடியில அலகு" என்று முகத்தைத் திருப்பி இரண்டு பக்கமும் காட்டினேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "தனி அலகாண்ணா? புதுசா?"

"ஊர் அலகு."

அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கு விளங்க ஆரம்பித்தது. "ஒரு வருஷம் எடுக்கக்கூடாதுங்கண்ணா" என்றாள்.

"மூணு மாசம் தாண்டிச்சேம்மா!"

"அது ரத்தம் குடுத்தா மூணு மாசம். இது வேறண்ணா. நாலஞ்சு பேரு கன்னத்துல ஏறுன ஊசி..."

நான் எழுந்து நின்று கத்தினேன். நான் சொல்லவே இல்லை என்று வைத்துக்கொள், அந்தக் கட்டத்தை அழி, டெஸ்ட் பண்ணிப் பாரு, செத்தா நான் பொறுப்பு என்றெல்லாம் என் வாய்க்கு வந்ததைக் கொட்டினேன். மேஜையை ஓங்கி அடித்ததில் தாள் எல்லாம் பறந்தது. அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் நகரவில்லை. "அக்காவுக்குத்தானே ஏத்தப்போறோம். சில கிருமி டெஸ்ட்ல ஒடனே தெரியாதுங்கண்ணா. தெரிஞ்சே நா எப்டி எடுப்பேன்?" என்றாள். பெரிய டாக்டரும் வந்து அதையே சொன்னார். திட்டக்கூட ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது எனக்கு. எல்லாரும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள்.

விழுப்புரத்தில் இரண்டு பை இருக்கிறது, வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். மழையில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மாமா வடக்கனந்தல் வாத்தியாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அய்யோ, புரட்டாசியிலதாங்க குடுத்தேன், பெரியவரு ஒருத்தரு ஆபரேஷனுக்கு. யாரோ வரலன்னு சொல்லிட்டாங்களாம், என்ன கூப்ட்டாங்க. ரெண்டு மாசந்தான் ஆவுது. முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா ஒங்களுக்குன்னு வெச்சிருப்பனே" என்றார். மாமா என்னைப் பார்க்கவில்லை. பார்த்துத் தொலைத்திருக்கலாம். நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

பிரசவ அறையிலிருந்து தியேட்டருக்கு அக்காவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்ட்ரெச்சர் என்னைத் தாண்டும்போது கண்ணைத் திறந்தாள். உதடு வெளுத்து, காய்ந்த வாழைப்பட்டை மாதிரி இருந்தது.

"குடுத்துட்டியாடா?" என்றாள்.

"குடுத்துட்டேங்க்கா."

"ஊசிய பாத்தியா?"

"இல்லக்கா. கண்ண மூடிக்கினேன்."

"பயந்தாங்கொள்ளி" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

விழுப்புரம் வண்டி வந்து சேர்வதற்கு இருபது நிமிஷம் முன்பே எல்லாம் முடிந்திருந்தது. வந்த பைகளை வேறு யாருக்காவது ஆகும் என்று பத்திரமாக உள்ளே எடுத்துவைத்தார்கள். அதுதான் முறை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் டாக்டரம்மாவிடம் போய், என்னுடைய ஒரு பை அவளைக் காப்பாற்றியிருக்குமா என்று கேட்டேன். "சொல்ல முடியாதுப்பா" என்றார். காப்பாற்றியிருக்காது என்று சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

குழந்தை மாமா வீட்டில் வளர்கிறது. ஆத்தா வேண்டுதலைக் கேட்டுக் குழந்தையைக் கொடுத்தாள் என்று அங்கே சொல்கிறார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். கோயிலில் நின்று என்ன கேட்டேன்? அக்காவுக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்றுதான். அக்காவைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் எங்கே போய்விடப்போகிறாள் என்று இருந்தேன். அந்தக் கோயில் பக்கம் நான் இப்போது போவதில்லை. வண்டியில் அந்த வழியாகப் போகும்போது, "நல்லா கேட்டுக்கினம்மா என் வேண்டுதல" என்று சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டுவேன்.

ஆடி வந்து, ஒரு வருஷம் முடிந்து, அந்தப் பெண்ணே மறுபடி கூப்பிட்டாள். கூப்பிடுவதற்கே அவளுக்குத் தயக்கமாக இருந்தது குரலில் தெரிந்தது. ஒரு பிரசவ கேஸ் என்றாள். போனேன். படிவத்தை எடுத்து, அந்தக் கேள்விக்கு வந்ததும் நிறுத்தினாள். "இல்லம்மா" என்று நானே சொன்னேன். அன்று கண்ணை மூடவில்லை. ஊசி உள்ளே போவதையும் குழாய் சிவப்பதையும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். பத்து நிமிஷத்துக்குள் பை நிறைந்துவிட்டது. அவ்வளவுதான் வேலை.

வெளியே வந்தால், வாசலில் ஒருவன் செருப்பு இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். பிரசவத்துக்கு வந்திருந்தவளுக்குத் தம்பியாம். சங்கராபுரம் பக்கத்து ஆள், என் வயதுதான் இருக்கும். என் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"குடுத்துட்டீங்களாண்ணா?" என்றான்.

"குடுத்துட்டேன்" என்றேன்.

அவன் கும்பிட்டான். அதற்கு மேல் அங்கே என்னால் நிற்க முடியவில்லை. வண்டிக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். "இப்பதாங்க்கா குடுத்தேன்" என்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பயந்தாங்கொள்ளி என்று சொல்ல ஆள் இல்லை.