புளோரன்ஸ் ஆற்றில் ஒரு முழுக்கு

வெள்ளிக்கிழமை காலை, குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துச் சேவகன் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றான். "யம்மா, டிராயிங் சார்வாள் தவறிட்டாக. காய்ச்சல்னு படுத்தாக, விடிஞ்சு எழுப்பினா எந்திக்கல" என்றான். விளக்கு பாதி துலக்கியபடியே கிடந்தது.

சங்கரலிங்கம் என் கணவரின் தம்பி. உங்களுக்கு அவர் டிராயிங் சார்வாள். உங்கள் பிள்ளைகள் கோடு கோணலாகப் போட்டால் குடைக்காம்பால் மேசையைத் தட்டி, "கண்ணு பாத்தத வரைலே, மனசு சொல்லுதத வரையாத" என்று அதட்டியவர். இத்தாலி தேசத்தில் சித்திரம் படித்தவர் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த ஊர் எப்படி என்று கேட்டிருப்பீர்கள். "குளிரு" என்று ஒரே சொல்லோடு நிறுத்தியிருப்பார். எனக்கு அவர் சொன்னது என்னோடு போய்விடக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் நான். தம்பிமார் பாடம் படிக்கக் கேட்டு எழுத்துக் கூட்டியவள். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேற்கே ஒரு ஜமீன்தார், தம் அரண்மனைச் சுவர்களில் படம் எழுத ஆள் வேண்டுமென்று, அவரைப் புளோரன்ஸ் நகரத்துக்கு அனுப்பினார். எங்கள் வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. கப்பலேறுவது சைவக் குடும்பத்துக்கு அடுக்குமா? புறப்படுகிற அன்று என் கணவர், "போனா போனதுதான் லே. திரும்பி வந்து இந்த நடையில நிக்காத" என்றார். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நான் மட்டும் செம்பில் தண்ணீரோடு நின்றேன். வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் படித்துத் திரும்புவதற்குள் ஜமீன்தார் காலமாகிவிட்டார். வாரிசுகளுக்குப் படம் வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் பாளையங்கோட்டை உத்தியோகம். என் கணவருக்குக் கோபம் பாதி தணிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரலாம், ஆனால் முன்கூடமான பட்டாசலைத் தாண்டக் கூடாது. கொழுந்தனார் பட்டாசலில் உட்கார்ந்திருப்பார். நான் அடுக்களை நிலைப்படிக்கு இந்தப் பக்கம் இருப்பேன். வருகிறவர்கள் அந்த ஊர்க் கோயிலைக் கேட்பார்கள், சிலையைக் கேட்பார்கள். வீட்டுக் கணக்கை நாள் தவறாமல் எழுதுகிறவளுக்கு வேறு கேள்விதான் வரும். "தம்பி, அங்கன எங்க குளிச்சிய? துணிய எங்க காயப் போட்டிய?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதுவரைக்கும் ஒருத்தரும் இதக் கேக்கல மதினி. என் கதையே அதுதான்" என்றார்.

அவர் தங்கியது உயரமான மாடியில் ஓர் அறை. வீட்டுக்காரி வயதான விதவை. அவளை ஆச்சி என்றே சொல்வார். பாஷை தெரியாது. தெருவெல்லாம் ஒரே கல். ஒரு முறை திரும்பினால் வந்த வழி மறந்துவிடும். பள்ளிக்கும் அறைக்குமாகச் சுவரை ஒட்டியே நடந்திருக்கிறார். எதில் கொழுப்புச் சேர்த்திருப்பார்களோ என்று ரொட்டியை எண்ணெயில் தொட்டு மட்டும் சாப்பிட்டிருக்கிறார். உடம்பு கழுவ ஒரு கூஜாத் தண்ணீர். "கிணத்துல விழுந்தவன் மேல பாத்துக்கிட்டே நிப்பாம்லா, அப்படி சன்னலப் பாத்துக்கிட்டு நிப்பேன்" என்றார்.

காலையில் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தால் ஆச்சி உற்றுப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வாளாம். காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. அவர்கள் வருஷத்தில் ஒரு நாள், செய்த பாவத்துக்கு வருந்திச் சாம்பல் இட்டுக்கொள்வார்கள். தினமும் இடுகிறவன் என்ன பாதகம் பண்ணிவிட்டு ஓடிவந்தானோ என்று அவளுக்குப் பயம்.

பள்ளியில் முதலில் சிலைகளைப் பார்த்து வரையச் சொன்னார்கள். சில நாளில் மாணவர்களை ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். மேசைமேல் ஒரு மனிதனின் கை, தோலை உரித்து நரம்பு தெரிய வைத்திருந்தது. யாரும் கேட்டு வராத பிணத்தினுடையது. ஆசிரியர் சைகை காட்ட, இவர் அதைத் தொட்டுத் திருப்பி வைத்து, உட்கார்ந்து வரைந்தார். வெளியே வந்த பிறகுதான் உடம்பு கூசியது. பிணத்தைத் தொட்டவன் அப்படியே வீட்டுக்குள் நுழைவதா? நம்மில் யாராயிருந்தாலும் செய்கிறதைத்தான் செய்தார். நேரே ஆற்றுக்குப் போனார். கோட்டும் காற்சட்டையுமாக இறங்கினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினார்.

ஐப்பசி மாதம். அந்தக் குளிரில் அங்கே ஆற்றில் இறங்குகிறவன் சாகத்தான் இறங்குவான். மணல் அள்ளுகிற படகுக்காரர்கள் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார்கள். இவர் "விடும் வே! குளிக்கேன் வே!" என்று கத்துகிறார். அவர்களோ கட்டிப்பிடித்து, தேற்றி, கன்னத்தில் முத்தம் கொடுக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"சிரிங்க, சிரிங்க. பொறவு உள்ளதக் கேட்டா சிரிக்க மாட்டிய" என்றார்.

படகுக்காரர்கள் கொண்டுவந்து விட்டதும் ஆச்சி அவரை அறையில் வைத்துப் பூட்டிவிட்டாள். சவரக் கத்தி, இடுப்பு வார், பென்சில் சீவுகிற சின்னக் கத்தி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். சன்னலை ஆணி வைத்து அடித்தாள். பாதிரியார் வந்து ஜெபம் பண்ணினார். பள்ளி ஆசிரியர் வந்தார். புத்தி பேதலித்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் பேசியதில் இவருக்குப் புரிந்தது இரண்டே சொல். ஒன்று கப்பல், இன்னொன்று வீடு. திருப்பி அனுப்பப் போகிறார்கள்.

"இங்கன பூட்டிக் கெடக்கு, அங்கன சாத்திக் கெடக்கு. பைத்தியம்னு பேரெடுத்துட்டுப் போனா ஜமீன்லயும் சேக்க மாட்டாக. நான் எங்கன போவேன் மதினி?" இதைச் சொல்லும்போது, அப்போதும் அந்த அறைக்குள் இருக்கிறவர்போலப் பட்டாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

கணப்புச் சட்டியில் கரி கிடந்தது. அதை எடுத்துச் சுவரில் வரைந்தார். முதலில் வரைந்தது மயானத்தில் ஆடும் நம் அப்பனை. சாம்பலும் பாம்பும் மண்டையோடுமாக. பார்த்ததும் ஆச்சிக்கு எல்லாம் விளங்கிவிடும் என்று நம்பினாராம்! அவள் அலறிக்கொண்டு போய் இன்னொரு பூட்டும் மாட்டினாள்.

பிறகு பைய யோசித்து, நம் ஊரில் நடக்கிறதை வரிசையாக வரைந்தார். பாடை. தூக்கிப் போகிறவர்கள். தாமிரபரணிப் படித்துறை. உடுத்த துணியோடு முழுகுகிறவர்கள். சொட்டச் சொட்ட வீடு திரும்புகிறவர்கள். வாசலில் செம்புத் தண்ணீரோடு காத்து நிற்கிற ஒரு பெண்.

ரொட்டி கொண்டுவந்த ஆச்சி அந்தப் பெண்ணின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு ஆற்றில் முழுகுகிறவனைத் தொட்டாள், இவரைத் தொட்டாள். பாடையைத் தொட்டாள். இவருக்கு வேண்டியவர் யாரோ இறந்துவிட்டார் என்று எண்ணி, இவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். கதவு திறந்தது. ஆசிரியரை அவளே கையைப் பிடித்து இழுத்துவந்து சுவரைக் காட்டினாள். மறுநாள் தன் கோயிலுக்கு இவரைக் கூட்டிப்போய், ஏற்றச் சொல்லி ஒரு மெழுகுவத்தி கொடுத்தாள்.

"பொய்யா ஏத்துதோமேன்னு கூசிச்சு மதினி. பொறவு நெனச்சேன், அந்தக் கைக்காரனும் செத்தவன்தான? அவனுக்கு முழுகினது நான் ஒருத்தன்தான? அவனுக்குன்னே ஏத்திட்டேன்."

ஊருக்கு அனுப்பும் பேச்சை ஆசிரியர் விட்டுவிட்டார். இவர் இருந்து படிப்பை முடித்தார்.

வாசலில் நின்ற பெண் யார் என்று கேட்டேன். "நீங்கதான். வேற யாரு நின்னா?" என்றார். அடுப்பில் ஏதோ கிடக்கிறதென்று சொல்லி எழுந்து உள்ளே போனேன். கோயிலுக்கும் ஆற்றுக்கும் தவிர இந்த வீட்டைவிட்டு நான் எங்கும் போனதில்லை.

ஊர் திரும்பிய பின் ஒவ்வோர் ஐப்பசியிலும் அந்தக் கைக்காரனுக்காக அவர் நம் ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவந்தார். அவருடைய காரியங்கள் முடிந்த பிறகு என் கணவரிடம் இதைச் சொல்லி, இனி நான் செய்கிறேன் என்றேன்.

"ஏளா, ஊரு பேரு தெரியாத வெள்ளக்காரனுக்கா முழுகப் போற?"

"உங்க தம்பிக்கு வேண்டியவன்லா" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "படி வழுக்கும். பாத்து எறங்கு" என்றார்.

ஐப்பசியில் ஆற்றில் முழுகுவது நம் பெண்களுக்குப் புதிதா என்ன? டிராயிங் சார்வாள் எனக்கு விட்டுப்போனது அந்த முழுக்கு. இந்த வருஷம் முதல், பேர் தெரியாத அந்த மனிதனுக்கு ஒன்று, என் கொழுந்தனாருக்கு ஒன்று.