மாமன் மடியில் உட்காராத பிள்ளை

போன மாதம் தேனியில் ஒரு தியேட்டரிலிருந்து பாதிப் படத்தில் எழுந்து வந்துவிட்டேன். படம் நன்றாயில்லை என்று சொல்ல மாட்டேன். நான்தான் படத்தைப் பார்க்கவே இல்லையே. பக்கத்து இருக்கையில் ஒரு இளைஞர், நாலு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் ஆளை ஆள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொள்கிறது. அவர் அந்தக் கைகளைப் பிடித்து விலக்கிவிட்டு, "பாரு பாப்பா, ஒண்ணுமில்ல பாரு" என்கிறார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். "தம்பி, பிள்ளைய வெளிய தூக்கிட்டுப் போங்க. நடுங்குதுல்ல" என்றேன். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "எங்க பிள்ளை பயப்படாதுக்கா, தைரியமான பிள்ளை" என்றார்.

தைரியமாம்! எனக்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது. பெற்றோர் துணையோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்று அந்தப் படத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்களாம். துணை வந்த லட்சணம் இது. இன்னும் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து உச்சுக் கொட்டியதால் எழுந்து வெளியே வந்து, பாப்கார்ன் விற்கிற இடத்தில் நின்று தண்ணீர் குடித்தேன். நானும் ஒரு காலத்தில் தைரியமான பிள்ளைதான்.

அப்போது எனக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. சின்னமனூரில் அப்பாவுக்கு உரக்கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஏதோ வளைகாப்புக்குப் போக வேண்டியிருந்தது. "பிள்ளையப் பாத்துக்கங்க" என்று என்னை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனாள். அப்பா பார்த்துக்கொண்டார். எப்படியென்றால், தன் கூட்டாளியையும் என்னையும் கூட்டிக்கொண்டு மேட்னி ஷோவுக்குப் போனார். "அது பிள்ளைக பாக்குற படமில்ல, வெட்டுக் குத்தா இருக்குமாம்" என்று அம்மா முந்தின நாளே சொல்லியிருந்த படம் அது. "இருட்டுனதும் தூங்கிரும்" என்றார் அப்பா. கூட்டாளியும் தலையாட்டினார். பெரியவர்கள் இருட்டைப் பற்றி எப்போதும் இப்படித்தான் நல்ல அபிப்பிராயம் வைத்திருக்கிறார்கள்.

நான் தூங்கவில்லை. கதை எதுவும் எனக்கு விளங்கவில்லை, ஒரே ஒரு காட்சியைத் தவிர. ஒரு வீட்டில் விசேஷம். மேளம் அடிக்கிறது, வேட்டுப் போடுகிறார்கள். குழந்தையின் தாய்மாமன் கழுத்தில் மாலையோடு, தட்டு தட்டாகச் சீர் தூக்கிக்கொண்டு ஆட்கள் பின்னால் வர, சிரித்தபடி வருகிறார். பெரிய மீசை. ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக் கொஞ்சுகிறார். கொஞ்சிக்கொண்டே ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், சட்டைக்குள்ளிருந்து அரிவாளை உருவி, எதிரே குனிந்து சந்தனம் கொடுக்க வந்த குழந்தையின் அப்பாவை வெட்டுகிறார். ரத்தம் அந்தக் குழந்தையின் முகத்தில் வந்து விழுகிறது. தியேட்டரில் ஒரே விசில்.

நான் முகத்தை மூடினேன். அப்பா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "அது சாயம்த்தா. ரத்தமில்ல, சாயம். பாரு." பார்த்தேன். அழுகை வரவில்லை, சத்தமும் வரவில்லை. அதைத்தான் அப்பா கூட்டாளியிடம் பெருமையாகச் சொன்னார்: "எம்புள்ளையப் பாத்தியா, ஒரு சொட்டுக் கண்ணீர் விடல!" வெளியே வந்ததும் எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்து, "அம்மாகிட்ட சொல்லக் கூடாது, சொன்னா அப்பாவ வையும்" என்றார். நான் சொல்லவில்லை. அப்பா என்னிடம் ஒரு ரகசியத்தை ஒப்படைத்திருக்கிறார் என்ற பெருமை வேறு.

அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். படுக்கையை நனைத்தேன். அம்மா எங்கேயோ பயந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, "ஞாயித்துக்கிழமை என்னங்க நடந்துச்சு?" என்று அப்பாவைக் கேட்டாள். "கடைப்பக்கம் ஒரு நாய் குலைச்சுச்சு, அதுக்குப் பயந்திருக்கும்" என்றார் அப்பா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அம்மா மந்திரித்த கயிறு வாங்கிவந்து என் கையில் கட்டினாள். குலைக்காத நாய்க்குக் கட்டிய கயிறு. காய்ச்சலும் இறங்கிவிட்டது, அதனால் எல்லோரும் அந்த நாயை நம்பினார்கள்.

அடுத்த மாதம் எனக்குக் காதுகுத்து. அம்மாவின் அண்ணன் கெங்குவார்பட்டியில் விவசாயம் பார்த்தார். அந்த மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பிறப்பதற்கு முன்னால், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற தகராறில் அவர் அரிவாளைத் தூக்கிவிட்டார். ஒருவருக்குக் கையில் காயம். போலீஸ் ஸ்டேஷன் வரை போய்ப் பேசி முடித்தார்கள். அதற்குப் பிறகு மாமா கோபத்தையே விட்டுவிட்டார் என்று அம்மா சொல்வாள். ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அது அவ்வப்போது நாக்கு நுனிக்கு வரும். குழம்பில் உப்புக் கூடினாலும் "வெட்டுக்கார வீட்டுப் பொண்ணுல்ல, கை தாராளமாத்தான் இருக்கும்" என்பார். இந்தப் பேச்சு அரசல் புரசலாக மாமா வீட்டுக்கும் எட்டியிருந்தது. இரண்டு வருடமாகப் போக்குவரத்து இல்லை. பொங்கலுக்குச் சீர் மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார்.

காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். அம்மா நேரில் போய் அழுது அழைத்திருந்தாள். மாமாவும் மனசிறங்கி வருவதாகச் சொல்லிவிட்டார். "எங்கண்ணே வர்றாக, எங்கண்ணே வர்றாக" என்று அந்த வாரம் முழுக்க அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மேகமலைக்கு ஏறுகிற ரோட்டோரமாக எங்கள் குலதெய்வக் கோயில். மாமா வேனில் வந்து இறங்கினார். மேளம் அடித்தது. வேட்டுப் போட்டார்கள். கழுத்தில் மாலை, பின்னால் தட்டு தட்டாகச் சீர், பெரிய மீசை, அதற்குள்ளே ஒரு சிரிப்பு. ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "வா தாயி, மாமன் மடிக்கு வா" என்று இரண்டு கைகளையும் நீட்டினார். சந்தனக் கிண்ணத்தோடு அப்பா அவர் எதிரே குனிந்தார்.

அவ்வளவுதான். எனக்கு அன்று தியேட்டரில் வராத சத்தமெல்லாம் சேர்ந்து வந்தது. "அப்பாவ வெட்டிருவாக! மாமா வெட்டிருவாக! முதுகுல அருவா வச்சிருக்காக!" என்று கத்திக்கொண்டு ஓடி, அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். மேளக்காரர் தானாக நிறுத்திவிட்டார். மாமாவின் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

மாமாவின் மனைவி, என் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "அஞ்சு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வீட்டுல ஓதி ஓதி வளத்திருக்காகல்ல!"

அம்மா ஓடிவந்து என்னை உலுக்கினாள். "யாருடி சொன்னா உனக்கு? சொல்லுடி!" யாருமே சொல்லவில்லையே, நான் என்ன சொல்வேன்? அப்பாவைப் பார்த்தேன். அப்பா என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். சினிமாவைச் சொல்லக் கூடாது என்பது எனக்கு அந்த நேரத்திலும் ஞாபகம் இருந்தது.

மாமா எழுந்து நின்றார். சத்தம் போடவில்லை. "மாப்பிள்ளை, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பிள்ளை எதப் பாத்துப் பயந்துச்சு?" என்று கேட்டார்.

நேருக்கு நேராகக் கேட்டார். 'மச்சான், பாவி நான்தான் ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், அதப் பாத்துட்டு உளறுது' என்று ஒரு வாக்கியம் போதும். கூட்டமே சிரித்துவிட்டு, எனக்கு ஒரு மிட்டாயைக் கொடுத்து, மடியில் உட்கார வைத்திருக்கும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்: "சின்னப் பிள்ளை சொல்றதுக்கு நான் என்ன மச்சான் பண்றது?" சொல்லும்போது உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது. இதை நான் கற்பனை செய்யவில்லை. காலைக் கட்டிக்கொண்டு கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த பிள்ளைக்கு அது நன்றாகவே தெரிந்தது.

மாமா மாலையைக் கழற்றிச் சீர்த்தட்டின் மேல் வைத்தார். எனக்காகச் செய்துகொண்டுவந்த தோடு அந்தத் தட்டில்தான் இருந்தது. வேன் வரைக்கும் அம்மா "அண்ணே, அண்ணே" என்று பின்னாலேயே ஓடினாள். "பிள்ளைய அடிக்காத ஆத்தா. நான் வந்திருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு பொங்கல் சீரும் வரவில்லை. அம்மா இரண்டு முறை கெங்குவார்பட்டிக்குப் போனாள், அத்தை வாசலிலேயே நிற்க வைத்து, "வெட்டுக்கார வீட்டுல உனக்கு என்ன வேலை?" என்று கேட்டு அனுப்பினாள். நான் கல்லூரியில் படிக்கும்போது மாமா இறந்துபோனார். பிறந்த வீட்டுக்கு அம்மா அடுத்து நுழைந்தது அந்த எழவுக்குத்தான்.

அந்த எழவு வீட்டிலிருந்து திரும்பிய பிறகுதான், அந்தப் படத்தையும் அந்தக் கோயிலையும் நான் முழுதாகச் சேர்த்துப் பார்த்தேன். அம்மாவிடம் சொன்னேன். "இப்பச் சொல்லி என்னத்தா செய்ய" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்பாவிடம் போய்க் கேட்டேன்: "ஏம்ப்பா அன்னைக்குச் சொல்லல?" அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அடப் போத்தா. ஒரு சினிமா பாத்ததுக்குப் போயி யாராச்சும் அப்பிடிக் கத்துவாகளா?" என்றார். இன்றுவரை அவர் கணக்கில் தப்பு என்னுடையது. படம் பார்க்கத் தெரியாத பிள்ளையைப் பெற்றுவிட்டார், பாவம்! இந்த மனிதரோடு இதைப் பேசி நான் சண்டை போட்ட நாட்களெல்லாம் உண்டு. அவர் ஜெயிக்கவுமில்லை, அசையவுமில்லை.

அன்றைக்கு மாமாவின் வேன் போன பிறகு, விருந்துக்கு வந்தவர்கள் காத்திருக்கிறார்களே என்று, முறைக்கு மாமனாகிற யாரோ ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து, அவர் மடியில் எனக்குக் காது குத்தினார்கள். மீசை இல்லாதவர். அதனால் நான் பேசாமல் உட்கார்ந்தேன். ஆசாரி இரண்டு காதிலும் குத்தி முடித்ததும் இறங்கி அம்மாவைத் தேடினேன். கோயிலுக்குப் பின்னால், சமையல் அண்டாக்கள் அடுக்கியிருந்த இடத்தில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் போய், "அழாதம்மா, எனக்கு வலிக்கவே இல்ல" என்றேன். அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு முன்னைவிடப் பெரிதாக அழுதாள். காது குத்தியது எனக்குத்தானே, வலிக்கவில்லை என்று நானே சொன்ன பிறகும் இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.