கொளஞ்சி ருசி பார்த்த சுவர்

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆள்காட்டி விரலை எச்சிலில் நனைத்து, சுவரில் முழங்கால் உயரத்தில் ஒருமுறை, இடுப்பு உயரத்தில் ஒருமுறை, கட்டிலில் உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில் ஒருமுறை தேய்ப்பார் கொளஞ்சி. மூன்று தடவையும் அந்த விரலை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அதுவரை வீட்டுக்காரர்கள் வாய் திறக்கக் கூடாது. இருபது வருடங்களாக மரக்காணத்தில் எந்தப் படுக்கையறைக்குள் நுழைந்தாலும் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் இதுதான் முதல் வேலை. பிள்ளைகள் சிரித்தால் கோபம் வராது. "சிரிங்க சிரிங்க. சொவத்துல உப்பு இருந்தா பெயின்ட் நிக்காது. உரிஞ்சு ஒங்க வாயிலதான் கொட்டும்" என்பார்.

கட்டிலுக்குத் தலைமாட்டுப் பலகை வாங்க முடியாதவர்களுக்கு அதைச் சுவரிலேயே வரைந்து கொடுப்பது அவர் தொழில். கடைந்த தேக்குப் பலகை வைத்த கட்டில் எல்லோருக்கும் வாய்க்காது. தலைமாடே இல்லாத இரும்புக் கட்டில்தான் பல வீடுகளுக்குச் சீர்வரிசையில் வரும். அதை "மொட்டக் கட்டிலு" என்பார் கொளஞ்சி. அந்த மொட்டைக் கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டு வாசலில் நின்று பார்த்தால், அவர் வரைந்த பலகையும் கட்டிலும் ஒரே மரத்தில் செய்தது போல இருக்கும்.

செய்தித்தாளை இரண்டாக மடித்துப் பாதி அன்னத்தை வெட்டுவார். பிரித்தால் ஜோடி அன்னம். "ஒத்தையா எதயும் வெட்டமாட்டேன். பெட்ரூமாச்சே!" பிறகு மாப்பிள்ளையையும் பெண்ணையும் கட்டிலில் சாய்ந்து உட்காரச் சொல்லித் தலை உயரத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்வார். அவர்கள் நெளிவார்கள். "வெக்கப்படாம ஒக்காருப்பா. போட்டோவா புடிக்கிறேன்?"

மாதா கோயில் தெருவில் திராட்சைக் கொடி கேட்பார்கள். நடுவில் சிலுவை மாட்ட ஒரு சாண் இடம் வெறுமையாக விட வேண்டும். கடற்கரைக் குப்பத்தில் தாமரை. பஸ்ஸில் போகும்போது வீடுகளைப் பெயர் சொல்லிக் காட்டமாட்டார். "அது மயில் வீடு. அந்த மாடி வீடு இருக்குதே, அது ரெண்டு கிளி." சில கிளிகளுக்குக் கீழே படுத்தவர்கள் இன்று மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இப்போது பெண்கள் போனில் படம் காட்டுகிறார்கள்; சுவரில் செங்கல் நிறத்தில் ஓர் அரை வட்டம், அவ்வளவுதான். பொம்மையார்பாளையம் பக்கம் தங்கும் விடுதிகளில் எல்லாம் அதுதானாம். கொளஞ்சி அதையும் பிழையில்லாமல் போட்டுக் கொடுத்துவிட்டு, "அர இட்லி போட்டுட்டேன், சட்னி நீங்க வச்சிக்குங்க" என்று தூரிகையைக் கழுவப் போவார்.

அந்த நாக்கு உப்பளத்தில் பழகியது. கல்யாணத்துக்கு முன்பே அங்கே வேலைக்குப் போனவர். பாத்தியில் நிற்கும் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்து, "நாளைக்கு விளையும்", "ரெண்டு நாளாவும்" என்று சொல்வார். தப்பியதே இல்லை. பக்கத்தில் கூடை தூக்கியவர் ஆராயி. ஒரே தூக்குவாளியில் இருவருக்கும் கஞ்சி. காலில் வெடிப்பு எரியும்போது ஒருவர் காலுக்கு மற்றவர் எண்ணெய் தடவுவார்கள். வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே அவர்கள் சிரித்த சிரிப்பைக் கேட்டு மேஸ்திரி, "உப்பு கரைஞ்சிடப் போவுது, கொஞ்சம் மெதுவா!" என்று கத்துவாராம். இதைச் சொல்லும்போது மட்டும் கொளஞ்சியின் முகம் இருபது வயதுக்குப் போய்த் திரும்பும்.

ஆறு வருடங்களுக்கு முன் ஓர் ஆவணியில் அந்த ஆராயி வந்து நின்றார். மகள் சத்யப்ரியாவுக்கு மூன்றாம் நாள் கல்யாணம். மாப்பிள்ளை வெற்றிச்செல்வன் வேன் ஓட்டுகிறவர். "மொட்டக் கட்டிலுதாண்டி வாங்க முடிஞ்சிது. அவங்க சொந்தக்காரங்க பாத்து சிரிப்பாங்க. நீ ஒரு தலமாடு போட்டுக் குடு."

மாப்பிள்ளை வீடு உப்பளத்தை ஒட்டிய தெருவில். கிழக்குச் சுவரில் கதவு, மேற்கில் பெரிய ஜன்னல். வடக்குச் சுவர் நன்றாகக் காய்ந்து கிடந்தது, ஆனால் வடக்கே தலைவைத்து யார் படுப்பார்கள்? மிச்சம் தெற்குச் சுவர். கொளஞ்சி விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார். பாத்தித் தண்ணீரேதான். காரையைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை காயவிட்டு, மறுபடி பூசினால்தான் உண்டு. கண்ணைத் திறந்தபோது எதிரில் ஆராயியின் முகம். பின்னால், கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மா முத்தம்மாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் கொளஞ்சி.

அதைப் பொய் என்று சொல்லிவிடலாமா? தெரியவில்லை. கல்யாணத்தன்று அந்த அறையை எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் தேக்கு என்றுதான் நினைத்தார்கள். ஆராயி அன்று நிமிர்ந்து நடந்தார். கொளஞ்சி வரைந்ததிலேயே அழகான ஜோடி அன்னம் அதுதான்.

ஐப்பசி மழை பெய்தது. கார்த்திகையில் அன்னங்களின் கழுத்தில் கொப்புளம் கிளம்பியது. பொங்கலுக்குள் இறக்கைகள் பொரிந்து தலையணையில் உதிர்ந்தன. "ஒங்கம்மா குடுத்த சீரு தலகாணியில கொட்டுது பாரு, பெருக்கு" என்றார் முத்தம்மாள். சொல் ஆராயியின் காதுக்கு வந்தது. நேராகப் போய்ச் சண்டை போட்டார். "கொளஞ்சி நாக்கு பொய் சொல்லாது. சொவரு நல்லா இருந்துச்சு. ஒங்க மாடி டேங்க்கு ஒழுகித்தான் கெட்டுப்போச்சு!" அந்தப் பழியைப் பொறுக்காமல் முத்தம்மாள் ஆள் வைத்து டேங்க்கை இறக்கி வேறு இடத்தில் வைத்தார். அன்றிலிருந்து சம்பந்திகளுக்குள் பேச்சில்லை. பேத்தியின் காதுகுத்தில்கூட இரண்டு பேரும் இரண்டு பந்தியில் சாப்பிட்டார்கள். சத்யப்ரியா அம்மாவோடு பேசவேண்டுமென்றால் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறாள்.

கொளஞ்சி அந்தத் தெரு வழியாக நடப்பதை விட்டுவிட்டார். வேறு வீடுகளில் சுவரை ருசி பார்த்துவிட்டு, இப்போதெல்லாம் முகத்துக்கு நேரே சொல்கிறார்: "இதுல நிக்காது. கல்யாணத்த தள்ளி வையி, இல்ல கட்டில மொட்டையா போடு." நாலு வேலை கைவிட்டுப் போனது அப்படித்தான்.

இந்தச் சித்திரையில் முத்தம்மாள் வீட்டில் வெள்ளையடிப்பு. இளைய மகனுக்குப் பெண் பார்த்தாயிற்று. சத்யப்ரியா கொளஞ்சிக்குப் போன் செய்தாள். "அத்த, அந்தச் சொவத்த நீயே வந்து செஞ்சு குடு. அம்மாவயும் வரச் சொல்லியிருக்கேன்." கொளஞ்சி சுத்தியலும் உளியுமாகப் போனார். கூலி பேசவில்லை.

ஆராயி வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தார்.

"உள்ளதான் வாங்களேன் சம்மந்தி. டேங்க்க எறக்கியாச்சு, தலையில ஒழுகாது" என்றார் முத்தம்மாள்.

"ஒழுகுனதாலதான எறக்குனீங்க?"

"யாரு, நானா ஒழுகுதுன்னு சொன்னேன்?" முத்தம்மாள் கொளஞ்சியின் பக்கம் திரும்பினார். "அந்த உளிய அப்பிடி வையிம்மா. ஆறு வருசமா நீ ஒரு பதிலு பாக்கி வச்சிருக்க. அத மொதல்ல குடு. அன்னிக்கு நக்கிப் பாத்தியே, உப்பு இருந்துச்சா, இல்லியா?"

"சொல்லு கொளஞ்சி, எதுக்குப் பயப்படற?" ஆராயி ஒரு படி ஏறிவிட்டார். "நல்லாத்தான இருந்துச்சு?"

உண்மையைச் சொன்னால், தன் நாக்கை நம்பி ஆராயி ஆறு வருடம் போட்ட சண்டை அந்த வாசலிலேயே வெட்கமாகிவிடும். சொல்லாவிட்டால், ஒழுகாத டேங்க்கின் பழியோடு முத்தம்மாள் இனியும் இருக்க வேண்டும். சத்யப்ரியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்க்கவில்லை, கொளஞ்சியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடு பாப்பா" என்றார் கொளஞ்சி.

சொம்பு வந்தது. அண்ணாந்து, ஒரு சொட்டு சிந்தாமல், நிறுத்தாமல் முழுவதையும் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தானையால் வாயைத் துடைத்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், காலிச் சொம்பை மறுபடி சத்யப்ரியாவிடம் நீட்டினார்.

"இன்னொரு சொம்பு குடு."